சில்லர் இல்லாமல் பெரிய கட்டடத்தைக் குளிர்விப்பது: முதலில் காற்று வெளியேறும் வழியைப் பாருங்கள்

பல வருடங்களாகப் பெரிய கட்டடங்களின் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். உற்பத்தி ஷெட், கிடங்கு, அரங்கம், நான்கைந்து மாடி அலுவலகம் என்று எல்லாம் கலந்துதான். இவற்றில் சில, சில்லரே (தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடத்துக்கு அனுப்பும் பெரிய ஏ.சி. இயந்திரம்) இல்லாமல் ஓடுபவை. வேறு சிலவற்றில் சில்லர் இருக்கும், ஆனால் வருடத்தில் கணிசமான நாட்கள் அதை நிறுத்தியே வைத்திருப்பார்கள். யோசனை கேட்டு வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் கேட்பது, குளிர்ந்த காற்றை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதுதான். உள்ளே இருக்கிற சூடான காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் கிடந்தன, அதனால் இதை எழுதலாம் என்று தோன்றியது.

அதற்கு முன்னால் ஒரு அளவு. எந்த இயந்திரத்தின் விலைப்பட்டியலையும் திறப்பதற்கு முன், உங்கள் இடத்தின் வெட் பல்பு வெப்பநிலை தெரிந்திருக்க வேண்டும். சாதாரண வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, அதன்மேல் நன்றாகக் காற்று படும்படி வைத்தால் எவ்வளவுக்கு இறங்குகிறதோ அதுதான். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிற எந்த ஏற்பாடும், சாதாரண ஏர்கூலர் முதல் பிரம்மாண்டமான கூலிங் டவர் வரை, அந்த எண்ணை நோக்கித்தான் போகும். வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் வெட் பல்பு 22 பக்கம் நிற்கும். நல்ல செல்லுலோஸ் பேட் (தண்ணீரில் ஊறியிருக்க, காற்று ஊடே புகுந்து வரும் தடித்த அட்டை) இந்த இடைவெளியில் 85 சதவீதம் வரை எட்டும், அதாவது 25 டிகிரிக் காற்று கிடைக்கும். அதுவே 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் வெட் பல்பு 30. அதே பேட், அதே ஃபேன், அதே தண்ணீர், கிடைப்பது 31 டிகிரிக் காற்று, அதுவும் நசநசவென்று. வெளியே 40 இருக்கிற இடத்தில் பிரமாதமாக வேலை செய்த ஒன்றை 35 இருக்கிற இடத்தில் போட்டுவிட்டு, இங்கே வெயில் குறைவுதானே, ஏன் குளிரவில்லை என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று, கோடையின் மோசமான ஒரு மதியத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு வருடத்தின் மணிவாரி வானிலைப் பதிவை எடுத்து, கட்டடம் பயன்பாட்டில் இருக்கிற நேரங்களில் வெட் பல்பு 20க்குக் கீழே எத்தனை மணி நேரம், 24க்குக் கீழே எத்தனை, 26க்கு மேலே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். முடியுமா முடியாதா என்று எல்லோரும் சண்டை போடும் விஷயம், எத்தனை மணி நேரம் முடியும் என்று மாறிவிடும். அப்புறம் பேசுவது எளிது.

சரி, சூடு உள்ளே வருவதைக் குறைப்பது பற்றி. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் வாடிவிடும், ஏனென்றால் இதில் வாங்கி மாட்ட ஒரு பளபளப்பான இயந்திரம் கிடையாது. உச்சி வெயிலில் கூரையின் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 1,000 வாட் வெப்பம் விழுகிறது. பழுப்பேறிய ஷீட் அதில் 700 வாட் போல உறிஞ்சும், வெள்ளைப் பூச்சு போட்டது 300 வாட். 5,000 சதுர மீட்டர் கூரையில் இந்த வித்தியாசம் 2,000 கிலோவாட். இது அப்படியே உள்ளே வராது, பெரும்பகுதியைக் காற்று மேலேயே அடித்துக்கொண்டு போய்விடும், இருந்தாலும் மிச்சமாகக் கீழே இறங்குவதே அதிகம். அதுவும் அது சூடான காற்றாக மட்டும் இறங்குவதில்லை, கதிர்வீச்சாகத் தலையில் அடிக்கிறது. காற்று மெதுவாக இருக்கிற கூடத்தில் நம் உடம்பு உணர்கிற வெப்பம் காற்றின் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பத்துக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கும். ஒரு பேக்கிங் ஷெட்டில் கூரைக்குப் பூச்சு போட்டு முடித்த வாரம், அங்கே மாட்டியிருந்த வெப்பமானியில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய மாற்றமில்லை. ஆனால் லைனில் நிற்பவர்கள் தாங்களாகவே வந்து, மண்டையில் இறங்குகிற சூடு போய்விட்டது என்றார்கள். வெறும் காற்று வெப்பமானியை வைத்து ஒரு கூடத்தை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பரப்பின் வெப்பத்தைத் தூரத்திலிருந்தே காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கிக் கூரையின் அடிப்பக்கத்தைச் சுட்டிப் பாருங்கள், எங்கே வேலை இருக்கிறது என்று அதுவே காட்டும். வெள்ளைப் பூச்சு தூசி படிந்து மங்கும், பிரதிபலிப்பு முதல் ஓரிரு வருடத்திலேயே கணிசமாகக் குறையும். ஆகவே கோடைக்கு முன் கழுவுவதையும் பராமரிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கும் இதே கதைதான். உள்பக்கம் திரை போட்டால் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது, திரை சூடாகி அறையைச் சூடாக்கும். தடுப்பை வெளியே வைக்க வேண்டும். அப்புறம் உள்ளேயே பிறக்கிற சூடு. 75 கிலோவாட் ஏர் கம்ப்ரஸர் தான் இழுக்கிற மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் கக்குகிறது. அதன் சூடான காற்று ஷெட்டுக்குள்ளேயே விடப்பட்டால் 21 டன் குளிரூட்டல் தேவையை (ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுப்பது) நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். ஒரு டக்ட் (காற்றுக் குழாய்) போட்டு அதை வெளியே தள்ளினால் தீர்ந்தது. இதைச் செய்யாமல் கூலர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிற இடங்கள் ஏராளம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பேட் வழியாக வரும் காற்று ஒரே ஒருமுறை கூடத்தைக் கடந்து, சூட்டையும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். சில்லர் வைத்த கட்டடத்தில் நாம் பழகியிருப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே கதவைச் சாத்து, ஜன்னலை மூடு, குளிர் வெளியே போகிறது என்போம். இந்தப் பழக்கத்தோடு ஆவிக்குளிரூட்டலுக்கு வந்தால் கட்டடம் நீராவிக் கூடமாகிவிடும். நான் பார்க்கப் போன ஒரு ஷெட்டில் விற்றவர்கள் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பேட் வைத்த பெரிய கூலர்களை மாட்டியிருந்தார்கள், காற்று வெளியேற ஒரு லூவர்கூட (சாய்ந்த பட்டைகள் வைத்த திறப்பு) இல்லை. குளிர் தங்க வேண்டும் என்று ரோலிங் ஷட்டரை வேறு இறக்கிவைத்திருந்தார்கள். முதல் அரை மணி நேரம் நன்றாக இருக்குமாம், அப்புறம் உடம்பு பிசுபிசுக்கத் தொடங்கும், அட்டைப் பெட்டிகள் தளர்ந்துபோகும், லேபிள் ஒட்டாது. ஈரப்பதம் 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. புதிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. எதிர்ச்சுவரின் மேல்பகுதியில் லூவர் வைத்தோம், கூரையின் முகட்டில் நீளவாக்கில் திறப்பு விட்டோம், அந்தப் பக்கத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்கள் போட்டோம். அதே கூலர்கள்தான், ஆனால் அதற்குப் பிறகு மதியத்தில் ஷட்டரை யாரும் இறக்கவில்லை.

வெளியேறும் வழியை எங்கே வைப்பது என்பதில் சில விஷயங்கள் அனுபவத்தில்தான் பிடிபடும். உள்ளே வரும் இடத்துக்கு எதிர்க்கோடியில், உயரத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு பெரிய கதவு திறந்திருந்தால் காற்று அந்தக் குறுக்குவழியைப் பிடித்துக்கொண்டு போய்விடும், அதற்கு அப்பால் இருக்கிற மூலைகள் வெந்துகொண்டிருக்கும். மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றுகளைக் கூடம் முழுக்க ஆங்காங்கே தொங்கவிட்டுப் பார்த்தால், எந்த மூலையில் காற்று செத்துக் கிடக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதற்குக் கணினி மாதிரி எல்லாம் தேவையில்லை, கூடம் மிகப் பெரியதாகவோ சிக்கலானதாகவோ இருந்தால் ஒழிய. மழைச்சாரல், பறவைகள், திருட்டு என்று மூன்று ஆட்சேபங்கள் கட்டாயம் வரும். மூன்றுக்கும் லூவரும் கம்பிவலையும் போதும், ஆனால் வலையில் தூசி அடைத்தால் திறப்பின் பாதி காணாமல் போய்விடும் என்பதால் எட்டித் துடைக்கிற மாதிரி இடத்தில் வையுங்கள்.

இயற்கையாகவே சூடான காற்று மேலே ஏறுமே, ஃபேன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 மீட்டர் உயரம், உள்ளும் புறமும் 5 டிகிரி வித்தியாசம் என்றால், அந்த ஏற்றம் தருகிற அழுத்தம் சுமார் 4 பாஸ்கல். புத்தம் புதிய காற்று ஃபில்டரே 50 பாஸ்கல், 100 பாஸ்கல் என்று கேட்கும். ஆக, வெறும் வெப்ப ஏற்றத்தை நம்பி வடிவமைத்த கட்டடத்தில் யாராவது தூசி வருகிறது என்று ஒரு ஃபில்டரை வைத்துவிட்டால் அன்றோடு காற்று நின்றது. திறப்புகள் தாராளமாக இருந்தால் மட்டுமே அந்த 4 பாஸ்கல் வேலை செய்யும். ஈரானின் யஸ்த் நகரத்துக் காற்றுப்பிடிப்பான் கோபுரங்களைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தௌலதாபாத் தோட்டத்தில் இருக்கிற கோபுரத்தின் உயரம் சுமார் 33 மீட்டர், அதன் வழியில் எந்தத் தடையும் கிடையாது. அதில் ஒரு குட்டி மாதிரியை மொட்டைமாடியில் கட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

காற்றின் அளவும் முக்கியம். சில்லர் காற்று 13 டிகிரியில் வந்து அறையை 24இல் வைக்கும், இடையில் 11 டிகிரி. பேட் காற்று 25இல் வந்து 29இல் வெளியேறும், இடையில் 4தான். அதே வெப்பத்தை எடுத்துச்செல்ல கிட்டத்தட்ட மூன்று மடங்கு காற்று வேண்டும். பழைய ஏ.சி. டக்ட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், ஃபேனின் மின்சாரமே சேமிப்பைத் தின்றுவிடும். அதேபோல் பேட் பரப்பையும் சிக்கனப்படுத்தக் கூடாது. காற்று பேட்டைக் கடக்கும் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் அளவில் இருந்தால் நல்லது, அதைவிட வெகுவாகக் கூடினால் துளிகள் காற்றோடு பறந்து உள்ளே வரும்.

இந்த வெளியேற்றப் பிரச்சினை பழைய ஷெட்டுகளுக்கு மட்டும் உரியதில்லை. ஃபேஸ்புக் நிறுவனம் 2011இல் அமெரிக்காவின் பிரைன்வில்லில் சில்லரே இல்லாத சர்வர் கூடத்தைத் திறந்தது, வெளிக்காற்றைத் தண்ணீரால் குளிர்வித்து அனுப்புகிற ஏற்பாடு. அந்தக் கோடையிலேயே கட்டுப்பாட்டுக் கோளாறால் சர்வர்கள் விட்ட சூடான காற்று வெளியே போகாமல் மறுபடி மறுபடி உள்ளே சுற்றியது, ஒவ்வொரு சுற்றிலும் ஈரம் ஏறி, கடைசியில் சர்வர்கள் மேலேயே நீர் படிந்தது. கட்டடத்துக்குள் மேகம் என்று அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அட்டைப் பெட்டி தளர்ந்த ஷெட்டுக்கு நடந்ததும் இதுவும் ஒன்றுதான், செலவில்தான் வித்தியாசம்.

இரவுக் குளிரைச் சேமிப்பது எனக்குப் பிடித்த வழி, அநியாயமாக ஒதுக்கப்படுகிற வழியும்கூட. பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கிற இடமென்றால் கட்டடத்தின் கான்கிரீட்டே உங்கள் சேமிப்புத் தொட்டி. 1,000 சதுர மீட்டர் தளத்தில் மேலிருக்கும் 10 சென்டிமீட்டர் கான்கிரீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 100 கன மீட்டர். அதை இரவில் 3 டிகிரி இறக்கினால் சுமார் 175 கிலோவாட் மணி, 50 டன் குளிர்ச்சியை ஒரு மணி நேரம் கொடுப்பதற்குச் சமம். இதற்கு ஆன செலவு ராத்திரி ஓடிய ஃபேன்களின் மின்சாரம் மட்டுமே. ஆனால் ஃபால்ஸ் சீலிங் போட்டு அந்தக் கான்கிரீட்டை மறைத்துவிட்டால் எல்லாம் போச்சு, காற்று அதைத் தொடவே தொடாது. ஒரு அலுவலகத்தில் ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றச் சொன்னபோது அழகு கெடும் என்றார்கள், சத்தம் எதிரொலிக்கும் என்றார்கள். எதிரொலி உண்மையிலேயே வரும், அதற்கு ஒலி உறிஞ்சும் பலகைகளை இடைவெளி விட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டியிருந்தது. தளத்தோடு ஒட்டி மூடினால் பழைய கதைதான்.

இதில் நடைமுறைத் தொந்தரவு எங்கே வரும் தெரியுமா? இரவுக் காவலரிடம். ராத்திரி ஜன்னல்கள் திறந்திருந்தால் அதை மூடுவதுதான் அவருடைய வேலை என்று வருடக்கணக்காகச் சொல்லிவைத்திருக்கிறோம். ஆகவே மனிதர் ஏறி வர முடியாத உயரத்தில், கம்பி போட்ட, தனி மோட்டாரில் திறக்கிற லூவர்கள் வேண்டும், அவை எப்போது திறக்கும் எப்போது மூடும் என்று காவலருக்குச் சொல்லியும் வைக்க வேண்டும். வெளிக்காற்று உள்காற்றைவிட மூன்று டிகிரியாவது குறைந்தால் திற, மழை வந்தால் மூடு, தளத்தின் வெப்பம் ஒரு எல்லைக்குக் கீழே போனாலும் மூடு. கடைசி விதியை மறந்தால் காலையில் முதல் ஆளாக வருகிறவர் குளிர்கிறது என்று புகார் எழுதுவார், அந்த ஒரு புகாரை வைத்தே மொத்த ஏற்பாட்டையும் நிறுத்திவிடுவார்கள்.

இந்த வகையில் எல்லோரும் காட்டுகிற உதாரணம் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் சென்டர். மிக் பியர்ஸ் வடிவமைத்தது. இரவுக் காற்றைத் தளங்களுக்குள் இருக்கும் வெற்றிடங்கள் வழியாக ஓட்டிக் கான்கிரீட்டைக் குளிர்வித்து, பகலில் அதன் வழியே காற்றை அறைகளுக்கு அனுப்பி, சூடான காற்றைக் கூரைப் புகைபோக்கிகள் வழியாக வெளியேற்றுவார்கள். கரையான் புற்றைப் பார்த்துச் செய்தது என்று பிரபலமாகிவிட்டது. பின்னால் புற்றுகளை ஆராய்ந்த ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோவரும், புற்று அப்படியெல்லாம் வெப்பத்தைச் சீராக வைப்பதில்லை, அது மூச்சு விடுவதற்கான அமைப்பு என்றார்கள். அதனால் கட்டடத்துக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை, அது நன்றாகவே ஓடியது. ஆனால் ஹராரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவுகள் குளிரும். வெற்றியில் பெரிய பங்கு அந்த உயரத்துக்கு உண்டு. கடலோரத்தில், இரவிலும் 28க்குக் கீழே இறங்காத இடத்தில் அதே படத்தை எடுத்துக் கட்டினால் வெறும் அழகான கட்டடம்தான் மிஞ்சும்.

ஃபேனைப் பற்றிச் சுருக்கமாக. கூடத்துக்குள் காற்று விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் ஓடினால் இரண்டரை, மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். உயரமான கூரையுள்ள இடங்களில் ஏழு மீட்டர் விட்டம் வரை வருகிற மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்கள் இதற்கு அருமை. ஃபேன் அறையைக் குளிர்விக்காது, ஆளைத்தான் குளிர்விக்கும், ஆளில்லாத இடத்தில் அது ஓடினால் வீண். இன்னொன்று, ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும், பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான். அதனால் நான்கு ஃபேன்களில் இரண்டை நிறுத்துவதைவிட, வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து நான்கையும் மெதுவாக ஓட்டுவது மேல்.

ஈரம் உள்ளே வரவே கூடாது என்கிற இடங்களுக்கு மறைமுக வழி இருக்கிறது. கூலிங் டவரில் குளிர்ந்த தண்ணீரைத் தட்டு வெப்பமாற்றி வழியாக அனுப்பி, மறுபக்கம் ஓடும் சுத்தமான தண்ணீரைக் குளிர்விப்பது. இங்கே பலர் மாட்டிக்கொள்வது 7 டிகிரித் தண்ணீர் என்கிற பழக்கத்தில். சில்லர்க்காரர்கள் 7 டிகிரியில் அனுப்புவது முக்கியமாகக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்க. கூரைத் தளத்துக்குள்ளோ சுவர்ப் பலகைகளிலோ குழாய் ஓட்டிக் குளிர்விக்கிறீர்கள் என்றால் 18 டிகிரித் தண்ணீரே போதும், வெட் பல்பு 13 பக்கம் இருக்கிற மணி நேரங்களில் எல்லாம் டவரே அதைக் கொடுத்துவிடும். எச்சரிக்கை ஒன்று உண்டு. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 17க்குச் சற்றுக் கீழே. பலகை அதைத் தொட்டால் வியர்த்துக் கொட்டும். ஆக, ஈரப்பத சென்சாரைப் பார்த்துத் தண்ணீரின் வெப்பத்தைக் கூட்டுகிற கட்டுப்பாடு இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். மெல்போர்னில் 2006இல் திறந்த சி.ஹெச்.2 நகராட்சிக் கட்டடத்தில் இரவில் தானாகத் திறக்கும் ஜன்னல், மூடாத அலைவடிவக் கான்கிரீட் கூரை, தண்ணீர் பொழியும் கோபுரங்கள், குளிர்ந்த பலகைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். கலவையாகச் செய்ய நினைப்பவர்கள் அதைப் பற்றிப் படிக்கலாம்.

ஆழமான ஏரியோ குளிர்ந்த கடலோ பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம். டொரண்டோவில் 2004 முதல் ஒண்டாரியோ ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரித் தண்ணீரை எடுத்து நகரின் பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள், அப்புறம் அந்தத் தண்ணீர் நகரின் குடிநீராகப் போகிறது. பின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலை ஒன்றை வாங்கிய கூகுள், கடல்நீரை வைத்துச் சர்வர்களைக் குளிர்விக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இது கிடைக்காது என்பதால் மேலே போகலாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் விற்கும்போது சொல்ல மாட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்வது சுமார் 0.68 கிலோவாட் மணி வெப்பம். ஒரு டன் குளிர்ச்சிக்கு மணிக்கு 5 லிட்டருக்கு மேல் போகும், 100 டன் தேவைக்குப் பத்து மணி நேரத்தில் 5,000 லிட்டரைத் தாண்டும். அதோடு முடியவில்லை. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். வருகிற தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 500 இருந்து, தொட்டியில் 1,500ஐத் தாண்டக் கூடாது என்று வைத்தால், ஆவியாவதில் பாதி அளவு தண்ணீரைத் தொடர்ந்து வெளியே விட வேண்டும். இந்த வடிகாலை வீண் என்று நினைத்து வால்வை மூடிவிடுவார்கள். ஒரே கோடையில் பேட் சுண்ணாம்புக் கல்லாகிவிடும், காற்றும் போகாது, தண்ணீரும் ஊறாது. கூரை மழைநீரைச் சேமித்து இதற்குக் கொடுத்தால் பேட்டின் ஆயுள் நன்றாகக் கூடும், மழைநீரில் உப்பு இல்லையே. வெளியே விடும் தண்ணீரைக் கழிப்பறைக்குத் திருப்பலாம், செடிகளுக்கு விடுவதானால் உப்பைப் பார்த்துவிட்டு விடுங்கள்.

நோய்க்கிருமி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் நிமோனியாவில் இறந்த பிறகுதான் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவே அடையாளம் காணப்பட்டது. 25 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய தண்ணீரில் அது நன்றாகப் பெருகும், நுண்துளிகளாக மூச்சில் போனால் ஆபத்து. கூலிங் டவர், ஸ்பிரே போடுகிற ஏர் வாஷர் இரண்டிலும் கவனம் அதிகம் தேவை, துளி தடுக்கும் தகடுகள் உடையாமல் இருக்க வேண்டும், கிருமிநாசினி முறையாகப் போக வேண்டும். பேட் வகையில் துளி பறப்பது குறைவு, ஆனாலும் ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது பம்பை முதலில் நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட்டிப் பேட்டை உலரவிடுவது, வாரம் ஒருமுறையாவது தொட்டியை முழுக்க வடித்துக் கழுவுவது, தொட்டியில் வெயில் படாமல் பார்ப்பது இவற்றைப் பழக்கமாக்குங்கள். நாற்றம் வருகிறது என்று சொல்லும் இடங்களில் தொண்ணூறு பங்கு இந்த உலரவிடுதல் இல்லாததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

எங்கே இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுவை அரங்கு, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், மருந்துத் தயாரிப்பு போன்று ஈரப்பதம் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டிய இடங்களில் ஆவிக்குளிரூட்டலை நேரடியாகக் கொண்டுபோகாதீர்கள். வருடம் முழுக்க வெட் பல்பு 26க்கு மேல் நிற்கும் ஊர்களிலும் பேட்டில் பணத்தைப் போடுவதைவிடக் கூரை, நிழல், வெளியேற்றம், ஃபேன் ஆகியவற்றில் போடுவது புத்திசாலித்தனம். அங்கே உட்காருபவர்களிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். 22 டிகிரியை எதிர்பார்த்து வருகிறவருக்கு 28 டிகிரியும் நல்ல காற்றோட்டமும் கொடுத்தால் முதல் வாரம் திட்டுவார். கழுத்துப்பட்டை, கோட்டு எல்லாம் கட்டாயம் என்கிற இடத்தில் இது ஓடாது. ஜன்னலைத் தாமே திறந்து மூட, தலைக்கு மேலுள்ள ஃபேனின் வேகத்தைத் தாமே மாற்ற விட்டால் மக்கள் இன்னும் ஓரிரு டிகிரி கூடுதலாகவே பொறுத்துக்கொள்கிறார்கள், இதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

முடிவெடுக்க முடியாத தட்பவெப்பத்தில் புதிதாகக் கட்டுகிறவர்கள் இப்படிச் செய்யலாம். கூரை, நிழல், காற்று வெளியேறும் வழி, இரவு லூவர்கள், ஃபேன்கள் இவற்றைக் கட்டும்போதே முழுமையாகச் செய்துவிடுங்கள், இவற்றைப் பின்னால் சேர்ப்பது மிகக் கஷ்டம். சில்லருக்கு ஒரு மேடை, குழாய் போக வழி, மின் இணைப்புக்கான இடம் மட்டும் விட்டுவையுங்கள், சில்லரை வாங்காதீர்கள். இரண்டு கோடை ஓட்டுங்கள், உள்ளே வரும் காற்று, கூடத்தின் நடுப்பகுதி, வெளியேறும் காற்று மூன்றிலும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மணிக்கொருமுறை பதிவுசெய்யுங்கள். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், எந்த அறைக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை டன் என்று அந்தப் பதிவே சொல்லும். முதலில் கேட்ட டன்னில் கால்பங்கு போதும் என்று வந்த கட்டடங்களும் உண்டு, மேடை காலியாகவே கிடந்து இப்போது அதில் சைக்கிள் நிறுத்துகிறவர்களும் உண்டு.